503-இலிருந்து 147 போனால்

டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கும், பார்த்துக் குடிம்மா. அந்த நிறுவனம் உனக்கு எழுதி, நீ எனக்கு அனுப்பிய மெயிலை முழுக்கப் படித்துவிட்டேன். வேலை இதுதான்: இங்கே வீட்டிலிருந்தபடியே பிரிட்டனின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, வகுப்பு முக்கால் மணி நேரம். "அக்கா, பி.எட். முடித்திருக்கிறேன், கணக்கும் நன்றாக வரும், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த பழக்கமும் இருக்கிறது. இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். நிறைய இருக்கிறது. அவசரமில்லாமல் சொல்கிறேன்.

ஆன்லைன் டியூட்டர் என்ற ஒரே பெயரில் பல விதமான வேலைகள் நடக்கின்றன. செக் (Chegg) போன்ற இணையதளங்களில் கேள்வி வரும், நீ விடையைப் படிப்படியாக எழுதி அனுப்புவாய், விடைக்கு இவ்வளவு என்று காசு வரும். அங்கே பிள்ளையின் முகமும் இல்லை, குரலும் இல்லை. இன்னொரு வகையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கேட்பார்கள். அது மேடைப் பேச்சுக்குப் பக்கத்தில் வரும். உனக்கு வந்திருப்பது ஒருவருக்கு ஒருவர் என்ற வகை. நான் பேசப்போவது அதைப் பற்றி மட்டும்தான்.

இந்த வகை வேலை நம் பக்கம் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. 2005-இல் கிருஷ்ணன் கணேஷும் மீனா கணேஷும் பெங்களூரில் டியூட்டர்விஸ்டாவைத் தொடங்கினார்கள். மாதம் சுமார் 100 டாலர் கட்டினால் பிள்ளை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் டியூஷன் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அமெரிக்காவில் மணிக்கு இவ்வளவு என்று டியூஷனுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. வீட்டிலிருந்த ஆசிரியர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 2011-இல் பியர்சன் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2017-இல் அது பைஜூஸ் கைக்குப் போனது. அமெரிக்க வேலையில் ஒரு கஷ்டம், தூக்கம் கெடும். நியூயார்க்கில் பிள்ளை பள்ளி முடிந்து சாயங்காலம் 5 மணிக்கு உட்கார்ந்தால் குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை 3.30. பிரிட்டன் அப்படியில்லை. அவர்களின் பள்ளி நேரமே நமக்கு மத்தியானமும் முன்னிரவும்தான். குளிர்காலத்தில் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த இரண்டு ஞாயிறுகளையும் காலண்டரில் வட்டம் போட்டு வை. மறுநாள் திங்கட்கிழமை உன் வகுப்பு நேரம் ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும்.

இதில் முக்கியமான இன்னொன்று, உன்னை அமர்த்துவது பெற்றோர் அல்ல, பள்ளி. லண்டனைச் சேர்ந்த தேர்ட் ஸ்பேஸ் லேர்னிங் போன்ற நிறுவனங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் டியூட்டர்களைக் கொண்டு பிரிட்டிஷ் பள்ளிகளுக்குக் கணக்கு வகுப்பு நடத்தின. பள்ளிக்கு இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு அரசு தரும் 'பியூப்பில் பிரீமியம்' என்ற கூடுதல் நிதி 2011 முதல் இருக்கிறது. கோவிட் காலத்தில் விட்டுப்போன படிப்பை மீட்க 2020 நவம்பரில் தேசிய டியூட்டரிங் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டோடு அதற்கான பணம் நின்றது. இப்போது பள்ளிகள் பியூப்பில் பிரீமியம் உட்படத் தங்கள் பையில் இருப்பதிலிருந்து எடுத்துத்தான் டியூட்டரை வாங்க வேண்டும். அதனால் வகுப்புகளின் எண்ணிக்கை ஏறி இறங்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மே மாதம் 'சாட்ஸ்' தேர்வு, கணக்கில் மூன்று தாள், மொத்தம் 110 மதிப்பெண். அதுவரை வேலை நெருக்கும், பிறகு தளரும், ஜூலைக் கடைசியில் பள்ளி மூடினால் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூனில் வாய்ப்பாட்டுச் சோதனை: 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி, 12-ஆம் வாய்ப்பாடு வரை.

பள்ளி அமர்த்துகிறது என்றால், பிள்ளை உன்னிடம் கேட்டு வரவில்லை என்று பொருள். வகுப்பில் பின்தங்கியவன் என்று யாரோ முடிவு செய்து, விளையாட்டு நேரத்திலோ ஓவிய வகுப்பிலோ எழுப்பிக் கூட்டிவந்து, நூலக மூலையில் ஹெட்செட் மாட்டி உட்கார வைத்திருப்பார்கள். கணக்கு தனக்கு வராது என்பதை அவன் ஏற்கெனவே நம்பியிருப்பான். இந்த நம்பிக்கையோடு வரும் பிள்ளையிடம்தான் உன் வேலை தொடங்குகிறது.

ஒருவருக்கு ஒருவர் பாடம் என்றால் பலன் தானாக வந்துவிடும் என்று நிறுவனங்கள் விளம்பரம் செய்யும். அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. 1984-இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதிய கட்டுரையின்படி, தனி ஆசிரியர் வைத்துப் படித்த சராசரிப் பிள்ளை, சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைத் தாண்டி நின்றது. நூறு பேரில் ஐம்பதாவதாக இருக்கும் பிள்ளையை இரண்டாமிடத்துக்குக் கொண்டுவருவது! அந்த எண் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 2011-இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது கிடைத்த பலன் அதில் பாதிகூட இல்லை. நூறு பேரில் ஐம்பதாவது பிள்ளை இருபதை ஒட்டிய இடத்துக்கு வரும் அளவு. அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் இன்னொன்றையும் கேள். உனக்கு வந்திருப்பது போலவே, இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த டியூட்டர்களைக் கொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாராவாரம் நடந்த கணக்கு வகுப்பை, இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் கோவிட்டுக்கு முன்பே முறையாகச் சோதித்தது. அந்த வகுப்பில்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை என்பது முடிவு. அதே அமைப்புதான் தனி டியூஷன் பொதுவாக ஐந்து மாதப் படிப்புக்குச் சமமான முன்னேற்றம் தருகிறது என்றும் சொல்கிறது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: ஒரு பிள்ளைக்கு ஓர் ஆளை உட்கார வைத்தால் மட்டும் போதாது. அந்த முக்கால் மணி நேரத்தில் அந்த ஆள் எதைக் கவனிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டியது பிள்ளையின் தப்பான விடையை.

அந்த நோட்டை இப்படித் தள்ளு. 503-இலிருந்து 147-ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 356. மூன்று பிள்ளைகளிடம் கொடுத்தோம் என்று வை. ஒருத்தி 444 என்றாள், ஒருவன் 456 என்றான், இன்னொருத்தி 366 என்றாள். கணினிப் பயிற்சித்தாள் மூன்றுக்கும் ஒரே சிவப்பு அடையாளம் போடும். அவசரக்கார டியூட்டர் மூவரிடமும் "இன்னொரு தடவை பார்க்கலாமா" என்பார், பிறகு தானே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுவார்.

நீ உட்கார்ந்து பார். 444 எப்படி வந்தது? ஒன்றின் இடத்தில் 3, 7. அவள் 7-இலிருந்து 3-ஐக் கழித்தாள், 4. பத்தின் இடத்தில் 0, 4. அங்கேயும் 4-இலிருந்து 0. நூறின் இடத்தில் 5-இலிருந்து 1, 4. எங்கே பார்த்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அவளுக்கு ஒரு விதி. முதல் வகுப்பில் 'பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க முடியும்' என்று யாரோ சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 456 சொன்னவன் கதை வேறு. அவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும். 3-ஐ 13 ஆக்கினான், பூஜ்யத்தை 9 ஆக்கினான். ஆனால் அந்த 9 எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது, அதனால் நூறின் இடத்து 5-ஐத் தொடவேயில்லை. 366 சொன்னவள் நூறைச் சரியாக உடைத்துப் பத்துப் பத்துகளாக்கினாள். அதில் ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்த பிறகு ஒன்பதுதான் மிச்சம் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

மூவருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியுமா? 366 சொன்னவளுக்கு ஒரு கேள்வி போதும்: "இந்தப் பத்துப் பத்தில் ஒன்றை அங்கே கொடுத்தாயே, இங்கே எத்தனை இருக்கிறது?" முகம் மலர்ந்து அவளே திருத்திக்கொள்வாள். 456 சொன்னவனிடம் 503 பவுண்டைத் தாள்களாகவும் காசாகவும் வரைந்து மாற்றச் சொல்ல வேண்டும். 444 சொன்னவளுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 12-இலிருந்து 7, 52-இலிருந்து 7 என்று கீழே இறங்கி, பத்து என்பது உடைக்கக்கூடியது என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அவளிடம் கடன் வாங்கும் முறையை அப்படியே காட்டினால் அன்றைக்குச் செய்துவிடுவாள், அடுத்த வாரம் பழைய விதிக்கே திரும்புவாள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் விடைகளை ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளைகள் தாறுமாறாகத் தப்புச் செய்வதில்லை, பல தப்புகள் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியதால் வருகின்றன, அந்த விதியில்தான் கோளாறு என்று காட்டினார்கள். கணினி நிரலில் வரும் பிழையைச் சொல்லும் 'பக்' என்ற சொல்லையே இதற்கும் வைத்தார்கள். ஆசிரியர்கள் பழக 'பக்கி' என்று ஒரு கணினி விளையாட்டும் செய்தார்கள். கணினி ஒரு பிள்ளையைப் போலத் தப்பாகக் கணக்குப் போடும். ஆசிரியர் அதன் விதியைக் கண்டுபிடித்து, அடுத்த கணக்கில் அது என்ன விடை சொல்லும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்தச் சோதனையை நீ உனக்கே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை அடுத்த கணக்கில் என்ன தப்புச் செய்யும் என்று உன்னால் சொல்ல முடிந்தால், அவளை நீ புரிந்துகொண்டாய்.

அந்த விதி வெளியே வர வேண்டுமானால் பிள்ளை பேச வேண்டும். பிள்ளை பேச வேண்டுமானால் நாம் வாயை மூட வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டச் சொன்னார். பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடிதான்! மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஆன்லைனில் அந்த மூன்றை ஐந்தாக்கு. பள்ளிகளோடு நடக்கும் வகுப்புகளில் பல இடங்களில் கேமரா கிடையாது. குரலும், இருவரும் எழுதும் வெள்ளைப்பலகையும்தான். உன் குரல் கடலடிக் கேபிள் வழியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும், அதில் ஒரு சிறு தாமதம் எப்போதும் உண்டு. பிள்ளை பதில் சொல்லத் தொடங்கிய அதே கணத்தில் உன் அடுத்த கேள்வி அவன் காதில் விழுந்தால் அவன் நிறுத்திவிடுவான். கூச்சப்படுகிற பிள்ளை மறுபடி தொடங்க மாட்டான்.

முகம் தெரியாதபோது மௌனத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். யோசிப்பதும் மௌனம், பயந்திருப்பதும் மௌனம், மைக் போய்விட்டாலும் மௌனம். பலகையைப் பார். பேனாவின் முனை அங்கும் இங்கும் நகர்ந்துகொண்டிருந்தால் அவன் யோசிக்கிறான், தொந்தரவு செய்யாதே. எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தால் எங்கோ சிக்கியிருக்கிறான், "எதுவரை வந்தாய் என்று சொல்லேன்" என்று கேள், "புரிகிறதா?" என்று கேட்காதே. புரிகிறதா என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஆமாம் என்றுதான் சொல்லும். பேனா அசையாமல் கிடந்தால் முதலில் ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டு, கணக்கை இன்னும் சிறிதாக்கிக் கொடு. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போன்ற வேலை இது. பழகப் பழகத்தான் விரலுக்குத் தெரியும்.

டியூட்டர் விளக்குவதால்தான் பிள்ளை கற்கிறதா என்றும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். மிஷலீன் சீயும் அவருடன் இருந்தவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், டியூட்டர்களை விளக்கம் எதுவும் சொல்லாமல், பிள்ளையைப் பேசத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்கச் சொன்னார்கள். அப்போதும் பிள்ளைகள் அதே அளவு கற்றார்கள். நமக்குப் பெருமையான விளக்கங்களில் எவ்வளவு தேவையில்லாதது என்று எனக்கு அது காட்டியது.

இப்போது நிறுவனத்தின் ஏற்பாட்டைப் பார்ப்போம். அவர்கள் ஸ்லைடு தயார் செய்து தருவார்கள், பயிற்சி தருவார்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டம் தெரியாத நமக்கு அது பெரிய துணை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை ஸ்லைடு, வகுப்பு முடிந்ததும் தர மதிப்பீட்டுக் குழு பதிவைக் கேட்டு மதிப்பெண் போடும், அது உன் ரேட்டிங், ரேட்டிங்கைப் பொறுத்து அடுத்த மாத ஸ்லாட். ஸ்லைடு முடியவில்லையே என்ற பதற்றம் வந்தால் முதலில் போவது அந்த ஐந்து விநாடி. மதிப்பிடுகிறவர் காதுக்கு மௌனம் வகுப்பு ஓடாதது போலத் தெரியலாம். நல்ல நிறுவனம் எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே அளவுகோல்: பாதி ஸ்லைடில் நிறுத்தி, 444-இன் பின்னால் போக அது உன்னை விடுகிறதா? டெமோ வகுப்பின்போது இதைக் கேட்டுவிடு. பதில் சொல்பவர் தயங்கினால் உனக்குத் தெரிந்துவிடும்.

சின்னச் சின்னச் சொல்வழக்கு வித்தியாசங்களும் இருக்கின்றன. நாம் 1,00,000 என்று எழுதுவோம், அந்தப் பிள்ளைக்கு 100,000. லட்சமும் கோடியும் அவர்களுக்கு இல்லை. நாம் கடன் வாங்குவதை அவர்கள் 'எக்ஸ்சேஞ்ச்' என்பார்கள். குறுகிய வகுத்தலுக்கு 'பஸ் ஸ்டாப்' முறை என்று பெயர். பூஜ்யத்துக்கு 'நாட்' என்பான். அவன் பள்ளியில் என்ன சொல்கிறார்களோ அதையே சொல். பர்மிங்காம் பிள்ளையின் பேச்சு முதல் வாரம் பிடிபடாது, அவனுக்கும் உன் பேச்சு அப்படித்தான். நிதானமாகப் பேசினால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் வடிகட்டும் ஹெட்செட், பலகையில் எழுத ஒரு பேனா டேப்லெட், ரௌட்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு, ஃபைபர் போனால் உடனே மாற செல்போன் ஹாட்ஸ்பாட். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்து இந்தியாவில் இணையம் மந்தமானது நினைவிருக்கும். அதற்கு நம்மால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

பணத்துக்கு வருவோம். இன்னொரு கிளாஸ் ஊற்றட்டுமா? வகுப்புக்கு இவ்வளவு என்று மெயிலில் போட்டிருக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு வகுப்புக்கு 200 ரூபாய் என்று வை. வகுப்பு 45 நிமிடம். முன்னால் பாடத்தைப் புரட்ட 10 நிமிடம், முடிந்ததும் அறிக்கை எழுத 10 நிமிடம், அடுத்த வகுப்புவரை சும்மா இருக்கும் 15 நிமிடம். மொத்தம் 80 நிமிடம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 150 ரூபாய். மெயில் படித்தபோது உன் மனதில் ஓடியது 267 ரூபாய் இல்லையா? பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளியில் சுற்றுலா, அன்று வகுப்பு இல்லை. நீ ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்தாய். இதற்கு 'நோ ஷோ' என்று பெயர். முழுக்காசா, பாதியா, ஒன்றுமில்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உனக்கு மின்சாரம் போனால் அபராதம் உண்டா என்பதையும் பார். சேருவதற்கு முன்பணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்கும் இடத்துக்குப் பதிலே எழுதாதே.

நீ அவர்களின் ஊழியராகவா ஃப்ரீலான்ஸராகவா சேர்கிறாய் என்பதும் முக்கியம். ஃப்ரீலான்ஸர் என்றால் பி.எஃப். இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை, பேறுகால விடுப்பு இல்லை. ஆண்டு வருமானம் வரம்பைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். உனக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். பலர் செய்வதில்லை, அந்தப் பணம் அப்படியே போகிறது.

2021 மார்ச்சில் கார்டியன் நாளிதழில் வந்த செய்தி என்னை இன்னும் விடவில்லை. பிரிட்டிஷ் அரசின் டியூட்டரிங் திட்டத்தில் பாடம் நடத்தியவர்களில் இலங்கையைச் சேர்ந்த 17 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்; கூலி மணிக்கு 1.57 பவுண்டு வரை குறைவாக இருந்தது. பின்தங்கிய ஒரு பிள்ளையைக் கைதூக்கி விடுவதற்காக ஒதுக்கிய பணம், கடலுக்கு இந்தப் பக்கம் இன்னொரு பிள்ளையின் நேரத்தை இவ்வளவு மலிவாக வாங்கியது. இங்குள்ள விலைவாசிக்கு அது பரவாயில்லை என்று சிலர் வாதாடினார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. 444-ஐப் படிக்கத் தெரிந்த ஒருவரை உருவாக்கவும் நிலைக்க வைக்கவும் காசு ஆகும். அதைக் கொடுக்காவிட்டால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொரு வாரமும் புதுக்குரல் கேட்கும் பிள்ளை யாரிடமும் மனம் திறக்காது.

மனம் திறப்பது என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதை நன்றாகக் கேட்டுக்கொள். சில மாதங்கள் பழகிய பிறகு ஒரு பிள்ளை கணக்குக்கு நடுவில் வேறு ஏதாவது சொல்லும். வீட்டில் அடித்தார்கள் என்றோ, சாப்பிடாமல் வந்தேன் என்றோ. நம் ஊர் வழக்கத்தில் "யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்லு கண்ணு" என்று வாயில் வந்துவிடும். சொல்லாதே. ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. பொறுமையாகக் கேட்டுக்கொள், என்னிடம் சொன்னது நல்லது, உனக்கு உதவக்கூடியவரிடம் நான் சொல்ல வேண்டும் என்று சொல், பிள்ளை பயன்படுத்திய அதே வார்த்தைகளில் எழுதி, அன்றே நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு அனுப்பு. பிரிட்டனில் ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்றே நியமிக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார், அவரிடம் போகும். அந்தப் பிள்ளையின் நாளில் நிதானமாகக் காது கொடுத்த ஒரே பெரியவர் நீயாக இருக்கக்கூடும். வகுப்புக்கு வெளியே பிள்ளையோடு எந்தத் தொடர்பும் கூடாது, போட்டோவோ நம்பரோ எதுவும் வேண்டாம்.

இந்த வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்று உன் அப்பா கேட்டாராம். நியாயமான கேள்வி. விஐபிகிட் என்ற நிறுவனம் சீனப் பிள்ளைகளுக்கு அமெரிக்க, கனடிய ஆசிரியர்களை வைத்து 25 நிமிட ஆங்கில வகுப்பு நடத்தியது. 2021 ஜூலையில் சீன அரசு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்றது. பல ஆயிரம் பேரின் அதிகாலை வேலை போனது. வீட்டிலிருந்த பெண்களை ஆசிரியர்களாகச் சேர்த்த ஒயிட்ஹேட் ஜூனியரை 2020-இல் பைஜூஸ் 30 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 ஜூலையில் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. விளம்பரத்தின் அளவைப் பார்த்து ஒரு நிறுவனத்தின் ஆயுளைக் கணிக்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு விடை எழுதித்தரும் வேலைக்குத்தான் முதல் அடி. 2023 மே மாதம், சாட்ஜிபிடியால் புது வாடிக்கையாளர் வரவு குறைகிறது என்று செக் சொன்ன மறுநாள் அதன் பங்கு விலை ஏறக்குறைய பாதியானது. பேசும் ஏஐ டியூட்டர்களும் வந்துவிட்டன. சற்று முன் சொன்ன வான்லேனின் ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. மாணவர் போடும் ஒவ்வொரு படியையும் கவனித்துக் குறிப்புத் தரும் கணினி நிரல்கள், அப்போதே, மனித டியூட்டருக்கு அநேகமாகச் சமமான பலனைத் தந்தன. ஸ்லைடைப் படித்து விளக்குவது மட்டும் நம் வேலை என்றால் இயந்திரம் அதைச் செய்துவிடும். கணக்கு தனக்கு வராது என்று நம்பிக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைக்கு, தன் தப்பில் ஒரு நியாயம் இருந்தது என்று ஒரு மனிதக் குரல் சொல்லிக் கேட்பது வேறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காகத்தான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்.

உன் அப்பாவிடம் ஒரு வருடம் என்று சொல். பள்ளி வேலைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதே. இங்கே பழகும் காது அங்கேயும் பயன்படும்.

மெயிலுக்குப் பதில் எழுதும்போது நோ ஷோவுக்கு எவ்வளவு, மே மாதத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் எத்தனை வகுப்பு உறுதி, ஒரே பிள்ளை பருவம் முழுக்க என்னிடமே வருமா, விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று கேள். பதில் எழுத்தில் வரட்டும். இன்னொன்று, உன் வகுப்புகளின் பதிவு யாருக்குச் சொந்தம், அதைக் கொண்டு ஏஐ டியூட்டரைப் பழக்குவார்களா, அப்படியானால் உனக்கு என்ன என்று ஒப்பந்தத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும். அது பெரும்பாலும் பின்பக்கங்களில்தான் இருக்கும். அந்த ஃபைலைத் திற, சேர்ந்து படித்துவிடுவோம்.